ஊரை அளந்து கட்டடக்கலை படிக்கும் முறை

கட்டடக்கலை படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தஞ்சைப் பெரிய கோயிலிலோ தாஜ்மகாலிலோதான் போய் நிற்பார்கள். அவை படிக்க வேண்டியவைதான். ஆனால் முதற்பாடத்துக்கு உதவாது. நாடா பிடித்து அளக்க விடமாட்டார்கள், கூரைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, கட்டியவரிடம் ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று கேட்கவும் முடியாது. கிழக்கிலங்கையின் களுவாஞ்சிகுடியிலோ காத்தான்குடியிலோ திருக்கோவிலிலோ இருக்கிற ஒரு முப்பதடி வீட்டில் இவ்வளவும் முடியும். வீட்டுக்காரர், மேசன், ஓடாவியார் (தச்சர்) எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள்.

உயர்தரம் படிக்கிறவர்களுக்கும், கட்டடத்துறைக்குப் போகாமல் விளங்கிக்கொள்ள மட்டும் விரும்புகிறவர்களுக்கும் இந்த முறை பொருந்தும். இதில் ஒரே ஒரு விதி: அளவு முதலில், கருத்து பிறகு. "இந்த வீடு காற்றோட்டமானது" என்று எழுதத் தொடங்கினால் படிப்பு அந்த வசனத்தோடு நின்றுவிடும். "யன்னல் 3 அடிக்கு 4 அடி, எதிர்ச்சுவரில் யன்னலே இல்லை" என்று எழுதினால் ஏன் இல்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு விடை சில வேளை கூரையில் இருக்கும், சில வேளை பக்கத்து வளவுச் சண்டையில் இருக்கும்.

வீடு தெரிவு செய்தல்

ஒரு வீடு போதாது, மூன்று வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முன் கட்டிய ஓட்டு வீடு ஒன்று, சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கட்டிக் கொடுத்தது ஒன்று, அண்மையில் கட்டிய மாடி வீடு ஒன்று. மூன்றும் ஒரே ஊரில் இருந்தால் நல்லது. வெயிலும் காற்றும் மண்ணும் ஒன்றாக இருக்கும்போது வீடுகள் மட்டும் வேறாக இருப்பதற்குக் காரணம் மனிதரிடத்தில்தான் இருக்க வேண்டும்.

அனுமதியை வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் வீடு பெரும்பாலும் அவருக்குச் சீதனமாக வந்தது. "மாமி, வீட்டை ஒருக்கா அளந்து படம் கீறலாமா? படிப்புக்குத்தான்" என்று சொன்னால் போதும். கையில் உத்தியோகக் கோப்பு மாதிரி எதையும் கொண்டுபோகாதீர்கள். வரி மதிப்பீடோ நிவாரணப் பதிவோ என்று நினைத்து ஒன்றில் கதவைச் சாத்துவார்கள், இல்லாவிட்டால் தேநீர் கொடுத்து மூன்று மணித்தியாலம் குறை சொல்வார்கள். படுக்கை அறைகளையும் சாமி அறையையும் கடைசியில், அவர்களாகக் கூட்டிப் போகும்போது அளவுங்கள்.

தரைப்படம்

வேண்டியவை: 100 அடித் துணிநாடா ஒன்று, 5 மீற்றர் இரும்பு நாடா ஒன்று, கட்டத்தாள், பென்சில், அழிறப்பர், திசைகாட்டி, நூலில் கட்டிய ஒரு தூக்குக்குண்டு. இரண்டு பேர் வேண்டும். தனியாக அளந்தால் நாடாவின் மறுமுனை வழுகும், தொய்யும், நீங்கள் அதைக் காணமாட்டீர்கள்.

முதலில் நாடாவை எடுக்காமல் வீட்டைச் சுற்றி நடந்து, கையாலேயே ஒரு பரும்படிப் படம் கீறுங்கள். சுவர், கதவு, யன்னல், தூண், படி, கிணறு, மலசலகூடம், மரம், வேலி, படலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அளவுகளை இந்தப் பரும்படிப் படத்தில்தான் எழுதப் போகிறீர்கள். ஆகவே ஒரு தாளை முழுதாக நிரப்புகிற அளவுக்குப் பெரிதாகக் கீறுங்கள். சின்னதாகக் கீறினால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வீட்டுக்கு வந்து பார்க்கும்போது 3 எது 8 எது என்று தெரியாது.

ஒரு சுவரை அளக்கும்போது நாடாவின் பூச்சியத்தை ஒரு மூலையில் வைத்து, கதவு தொடங்கும் இடம், முடியும் இடம், யன்னல் தொடங்கும் இடம், முடியும் இடம், மறு மூலை என்று ஓட்டமாக வாசியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டக் கூடாது. துண்டுக்கு அரை அங்குலம் பிழைத்தால், ஐந்து துண்டு கூட்டும்போது இரண்டரை அங்குலம் வரை போய்விடும். படம் பொருந்தாததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். 10 அடிக்கு 12 அடி அறை நேராக இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் 15 அடி 7½ அங்குலம் வரும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் அறை கோணல். பழைய வீடுகளில் கோணல் சாதாரணம். படத்தில் அதை நேராக்கிவிடாதீர்கள், கோணலாகவே கீறுங்கள். வேலி எல்லை சரிவாகப் போனதாலோ, பிறகு ஒரு அறை ஒட்டியதாலோ அப்படி வந்திருக்கும். அதுவும் வீட்டின் வரலாறு.

சுவரின் தடிப்பைக் கதவு நிலையில் பாருங்கள். 4 அங்குலச் சீமெந்துக் கல்லா, 6 அங்குலமா, 9 அங்குலச் செங்கல்லா என்பதைப் பூச்சைக் கழித்து மட்டிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து 1:50 என்ற அளவில் கீறுங்கள். தரையில் 1 மீற்றர், தாளில் 2 சென்ரிமீற்றர். 30 அடிக்கு 24 அடி வீடு ஏறத்தாழ 18 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றராக ஒரு ஏ4 தாளில் அடங்கும். வளவு முழுவதையும் கீற 1:200 எடுத்தால் போதும். வெட்டுப்பட்ட சுவர்களைத் தடித்த கோட்டாலும், தரையில் தெரிகிற படி, திண்ணை முதலியவற்றை மெல்லிய கோட்டாலும் காட்டுங்கள். எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் இருந்தால் எது சுவர், எது தரைக்கோடு என்று யாருக்கும் விளங்காது.

வெட்டுமுகம்

தரைப்படத்தோடு நிறுத்துகிறவர்கள் பலர். வீட்டை விளங்கிக்கொள்வது வெட்டுமுகத்தில்தான். முன்படி, விறாந்தை, மண்டபம், பின்பக்கக் குசினி இவை நான்கையும் ஊடறுக்கும் ஒரு கோட்டைத் தெரிந்து, கத்தியால் வெட்டி ஒரு பாதியை எடுத்துவிட்டால் என்ன தெரியுமோ அதைக் கீறுங்கள்.

உயரங்களை எடுக்க ஏணி தேவையில்லை. பூசாத சீமெந்துக்கல் சுவரில் கல்வரிகளை எண்ணலாம், வரி ஒன்று சாந்தோடு சேர்ந்து சுமார் 8 அங்குலம். முகட்டு உயரத்துக்கு நிழல் முறை இலேசு. 3 அடிக் கம்பு ஒன்றை நேராக நட்டு அதன் நிழலை அளந்து, அதே நேரம் முகட்டின் நிழல் விழும் இடத்தையும் அளந்து விகிதம் பார்த்தால் வரும். முகட்டுக்கு நேர்கீழ் உள்ள இடத்திலிருந்து தூரம் அளக்க வேண்டும், சுவரடியிலிருந்து அளந்தால் பிழைக்கும்.

கூரைச் சரிவைக் கிடையாக ஓரடிக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று குறியுங்கள். ஓட்டுக் கூரை 25 பாகை என்றால் அடிக்கு 5½ அங்குலத்துக்குச் சற்று மேல் ஏறும். கிடுகு 40 பாகை போல நிமிர்ந்து, அடிக்கு 10 அங்குலம் ஏறும். கிடுகைச் சரிவு குறைத்து வேய்ந்தால் மாரியில் தண்ணீர் வடியாமல் ஊறி உக்கும். தகரத்தையும் சீட்டையும் மிகத் தாழ்ந்த சரிவில் போடலாம், போடுகிறார்கள். ஆனால் சரிவு தாழ்ந்த, பாரம் குறைந்த கூரையைத்தான் புயற்காற்று மேல்நோக்கி உறிஞ்சி எடுக்கும்.

வெயிலும் காற்றும்

மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். யூனில் நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து 74 பாகை உயரத்திலும், திசெம்பரில் தெற்கே சாய்ந்து 59 பாகை உயரத்திலும் இருக்கும். இந்த எண்களை வைத்துக்கொண்டு தாவாரத்தை, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பை, கணக்குப் பார்க்கலாம்.

சுவரின் தலைமட்டத்தில் 3 அடி தள்ளி நிற்கும் தாவாரம், யூன் நண்பகலில் வடக்குச் சுவரில் 10 அடிக்கு மேல் நிழல் போடும். 9 அடிச் சுவர் முழுவதும் நிழல். திசெம்பரில் தெற்குச் சுவரில் 5 அடி நிழல் விழும், யன்னல் தப்பிவிடும். இனி மேற்குச் சுவருக்கு வாருங்கள். மார்ச் 21ஐ ஒட்டிய நாட்களில் பின்னேரம் 3 மணிக்கு அதே தாவாரம் 3 அடி நிழல்தான் தரும். 4 மணிக்கு 1 அடி 8 அங்குலம். 5 மணிக்கு 10 அங்குலம் கூட இல்லை. அந்த நேரம் 9 அடிச் சுவரில் 8 அடிக்கு மேல் வெயில் நேராக அடிக்கிறது, செங்கல்லும் சீமெந்துக்கல்லும் அதைக் குடித்துவிட்டு இரவு 10 மணி வரை அறைக்குள் விடுகின்றன. தாவாரத்தை எவ்வளவு நீட்டினாலும் மேற்குச் சுவர் தப்பாது. அங்கே மாமரமோ வேம்போ, குளியலறையோ களஞ்சியமோ வர வேண்டும். புது வீடுகளில் தெருவைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெரிய யன்னல் வைத்த படுக்கை அறையை மேற்கில் வைத்துவிட்டு, குளிரூட்டிக்கு மின்கட்டணம் கட்டுகிறார்கள். அளந்து பார்த்தால் இந்தப் பிழைதான் அதிகம் அகப்படும்.

காற்றுக்கு இரண்டு பருவம் குறிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டைக் கடந்து ஈரமிழந்து வருகிற கச்சான், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் சுடச்சுட அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். இவற்றோடு பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். ஆகவே எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கம்) வீட்டுக்குக் கிழக்கு யன்னல் வரம், மேற்கு யன்னல் வினை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வெளிக்குள் நிற்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு. ஒரு நூலில் பட்டுத்துணித் துண்டு கட்டி ஒவ்வொரு யன்னலிலும் பிடித்துப் பாருங்கள், காலையில் ஒருமுறை, பிற்பகல் 2 மணிக்கு ஒருமுறை. யன்னலின் பரப்பைவிட எதிரே வெளியேறும் வழி இருக்கிறதா என்பதே முக்கியம். வெளியேறும் வழி இல்லாத அறையில் யன்னலைத் திறந்தாலும் துணி அசையாது. யன்னற் பரப்பு தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு என்பது பொதுவான கைக்கணக்கு: 120 சதுர அடி அறைக்கு 17 சதுர அடி.

வாஸ்து பார்த்துக் கட்டியதா என்றும் கேட்டுக் குறியுங்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. குசினி எந்த மூலையில் இருக்கிறது, கச்சான் நாளில் அதன் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்து எழுதினால் படிப்பு.

சூறாவளி விட்டுச் சென்ற பாடம்

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வந்த சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளை அள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகு பலத்த காற்றுக்கான கட்டட வழிகாட்டி ஒன்று 1980இல் வந்தது. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையை மிக ஆபத்தான முதல் வலயத்தில் வைத்தது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பாடம் எல்லா வீட்டிலும் ஏறவில்லை.

கூரையைப் பார்க்கும்போது நான்கு பூட்டுகளைத் தேடுங்கள்: சுவரோடு சுவர்வளை (சுவர்த்தலையில் கிடக்கும் மரம்), வளையோடு கைமரம் (சரிவாக ஏறும் மரம்), கைமரத்தோடு சலாகை (குறுக்கே அடிக்கும் சட்டம்), சலாகையோடு ஓடு அல்லது தகரம். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் மற்றவை இருந்தும் பயனில்லை. பெரும்பாலும் தளர்வது முதற் பூட்டுத்தான். வளையைச் சுவரின் மேல் சும்மா படுக்க வைத்துச் சாந்து பூசியிருப்பார்கள். சுவர்த்தலையில் ஓடும் கொங்கிறீட் பீமுக்குள் அரை அங்குல ஆணிக்கம்பியோ கல்வனைசுப் பட்டியோ புதைத்து வளையைப் பிடித்திருக்க வேண்டும். ஓடாவியாரிடம் கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று ஒளிக்காமல் சொல்வார்.

வெயிலும் புயலும் இங்கே எதிரெதிராக இழுக்கின்றன. வெயிலுக்கு நீண்ட தாவாரம் வேண்டும், ஆனால் காற்று அதன் அடிப்பக்கத்தில் புகுந்து கூரையையே தூக்கிவிடும். இதற்கு நல்ல விடை, விறாந்தைக் கூரையைப் பிரதான கூரையின் தொடர்ச்சியாக இழுக்காமல், சற்றுத் தாழ்த்தித் தனியாக வேய்வது. புயலில் விறாந்தை போனாலும் வீட்டுக் கூரை நிற்கும். உங்கள் மூன்று வீடுகளில் எது இப்படி இருக்கிறது என்று வெட்டுமுகத்திலேயே தெரிந்துவிடும்.

பழுதை வாசித்தல்

வெடிப்புகளுக்கு ஒரு தனித்தாள் வையுங்கள். யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு என்றால் மேலே லின்டல் (யன்னலுக்கு மேல் பாரம் தாங்கும் பீம்) போதாது அல்லது அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பீமின் அடியில் கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக வெடித்துப் பொறுக்கு எழும்பியிருந்தால் உள்ளே கம்பி துரு. துருவுக்கு இரும்பைவிடப் பருமன் கூட, ஆகவே அது கொங்கிறீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடலோரத்தில் இது விரைவாக வரும். கழுவாத கடல்மணலில் குழைத்ததும், உவர்க்கிணற்றுத் தண்ணீர் விட்டதும், கம்பிக்கு வெளியே ஒன்றரை அங்குலமாவது மூடாமல் விட்டதும்தான் வழக்கமான காரணங்கள். சுவரடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரமும் வெள்ளைப் பூப்பும் தெரிந்தால் நிலத்து உப்புத்தண்ணீர் ஏறுகிறது, அத்திவாரத்தின் மேல் ஈரம் தடுக்கும் படை இல்லை. அதன் மேல் எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் அடுத்த மாரிக்கு உரியும்.

வெள்ளக்கறையும் பாருங்கள். 2011 தைமாத வெள்ளம் எதுவரை நின்றது என்று வீட்டில் உள்ள யாரும் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அதையும் தரை உயரத்தையும் வெட்டுமுகத்தில் கோடாகக் கீறுங்கள். மாரியில் வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டப்படும் வரை தண்ணீர் நிற்கும் ஊர்களில், முன்படி எத்தனை என்று எண்ணினாலே ஊர் கற்றுக்கொண்டது தெரியும்.

வளவு பிரிகிற கணக்கு

இதுவரை அளந்தது வீடு. வளவையும் அதைப் பங்கு வைக்கும் முறையையும் அளக்கும்போதுதான் சமூகம் படத்துக்குள் வருகிறது.

இங்கே மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பது வழமை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே வளவு மகள்மாரின் எண்ணிக்கைப்படி பிரியும். தாய் தகப்பன் பெரிய வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கோ ஒட்டுக்கோ போவதும் உண்டு. இந்த வரலாற்றைக் கேட்டு, வளவுப் படத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டிய ஆண்டையும், எந்த மகளுக்கு, மூத்தவருக்கா இளையவருக்கா என்பதையும் குறியுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 20 பேர்ச் வளவு 5,445 சதுர அடி. நான்கு மகள்மாருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 பேர்ச், அதாவது 1,361 சதுர அடி, ஏறத்தாழ 26 அடிக்கு 52 அடி. மணல் நிலத்தில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது சுகாதாரத்துக்கான பொதுவான அளவு. 52 அடி நீளத் துண்டில் கிணற்றை ஒரு கோடியிலும் குழியை மறு கோடியிலும் வைத்தால் தன் கணக்கு மட்டுமட்டாகச் சரிவரும். ஆனால் பக்கத்துத் துண்டுக்காரி எதிர்மாறாக வைத்தால், அவளுடைய குழி உங்கள் கிணற்றுக்குப் பத்துப் பதினைந்து அடியில் இருக்கும். குழாய்த்தண்ணீர் வருவதற்கு முந்திய காலத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருங்கிய ஊர்களில் தெருவுக்குத் தெரு இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினார்கள். மாடி எழும்பியதற்கும் இதே வழமைதான் காரணம்: நிலம் பிரிய முடியாதபோது இளைய மகளுக்குப் பங்கு மேல்மாடி. கீழ்த்தளத்துத் தூண்களின் தலையில் கம்பி நீட்டி விட்ட வீடுகளைக் காண்பீர்கள். அது வேலை முடியாத வீடல்ல, மகள் வளர்கிற வீடு. அந்தக் கம்பிகள் பத்து வருடம் கடற்காற்றில் நின்று துருவேறியபின் அதிலேயே மேல்தூணைத் தொடர்வதுதான் பிழை. துரு செதிலாக உரிகிற கம்பியை வெட்டிப் புதுக்கம்பியை நல்ல கம்பியோடு போதிய நீளத்துக்குப் பக்கமாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். நீட்டி விடுகிறவர்கள் சீமெந்துக்கூழ் பூசி, மெலிந்த கொங்கிறீட்டில் மூடி வைத்தால் இந்தச் செலவு வராது.

வீட்டுத்திட்ட வீடு

2004 திசெம்பர் 26 சுனாமியில் அதிக உயிரிழந்த மாவட்டம் அம்பாறை. தொடக்கத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை வந்தது, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். பிறகு அது தளர்ந்தது. கரையோரக் குடும்பங்கள் பல, உள்ளே எழுந்த திட்டங்களுக்குப் போயின. வீட்டின் ஆகக்குறைந்த அளவு 500 சதுர அடி என்று வைத்தார்கள்.

உங்கள் இரண்டாவது வீட்டில் இரண்டு படம் கீறுங்கள்: கொடுத்தபோது இருந்தது, இப்போது இருப்பது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் பாடம். பெரும்பாலும் முதலில் சேர்ந்திருப்பது பின்பக்கம் ஒரு கிடுகு அல்லது தகரக் குசினி. உள்ளே சமையலறை இருந்தும் ஏன்? விறகுப்புகை படுக்கை அறைக்குள் வருகிறது, மீன் கழுவும் தண்ணீர் போக வழியில்லை, இருந்து அரியவும் திருவவும் தரை போதாது. அடுத்து முன்விறாந்தையை நீட்டியிருப்பார்கள். அதற்கடுத்து மதில். வீட்டுக்காரர் சேர்த்த ஒவ்வொன்றையும் வரைந்தவருக்கு எழுதிய பதிலாக வாசியுங்கள்.

உறுதிப்பத்திரம் யார் பெயரில் என்றும் கேளுங்கள். பெண்வழியாக வீடு வருகிற ஊரில், திட்ட வீடுகள் பலவற்றுக்குக் குடும்பத் தலைவர் என்று கணவன் பெயரை எழுதினார்கள். மகளுக்குச் சீதனம் எழுதும் காலத்தில் அந்த ஒரு வரி எவ்வளவு சிக்கல் தரும் என்பதை ஊரார் விளக்குவார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கால் பல ஆண்டுகள் ஆளில்லாமல் பற்றை மூடிக் கிடந்தன. சுவரும் கூரையும் சரியாக இருந்தும் வீடாகாமல் கிடக்க முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

தெருவும் பொதுக்கட்டடமும்

தெருவில் 100 மீற்றர் துண்டு ஒன்றைத் தெரிந்து, காலை 7, நண்பகல் 1, பின்னேரம் 5, இரவு 8 மணிகளில் அரை மணித்தியாலம் வீதம் நின்று குறியுங்கள். நிற்பவர், இருப்பவர், நடப்பவர்; ஆண், பெண், பிள்ளை. ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம். வெள்ளிக்கிழமை ஒன்று, சாதாரண நாள் ஒன்று. படம் நிரம்பியதும் யாருக்கு இருக்க இடம் இருக்கிறது, யார் நடந்து கடக்க மட்டும் செய்கிறார் என்று தெரியும். கடைப்படி, மதகு, மரத்தடி, கோயில் வெளிவீதி இவற்றின் உயரத்தையும் நிழலையும் அளவுங்கள். 15 முதல் 18 அங்குல உயரமும் நிழலும் உள்ள எதிலும் ஆள் இருப்பார்.

ஒழுங்கைகளில் ஒளியைப் பார்க்க இலங்கைக் கட்டட விதிகளின் 63½ பாகைக் கோணத்தைப் பயன்படுத்துங்கள். தெருவின் எதிர் எல்லையிலிருந்து அந்தச் சரிவில் ஏறும் கோட்டைக் கட்டடம் வெட்டக்கூடாது என்பது விதி. சுருக்கமாக, கிடைத்தூரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரம். 10 அடி ஒழுங்கையில் எல்லையோடு எழும்பும் முகப்பு 20 அடியைத் தாண்டக்கூடாது. எத்தனை தாண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள், ஆனால் பட்டியலைக் காட்டித் திரியாதீர்கள்.

பள்ளிவாசலைப் படிக்கும்போது திசைகாட்டி உதவும். இங்கிருந்து கிப்லா (தொழுகைக்கு நோக்கும் மக்கா திசை), மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே. கரையோரப் பிரதான வீதியோ கரையோடு சேர்ந்து தென்கிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. இரண்டும் செங்கோணத்தில் சந்திப்பதில்லை. முகப்பு தெருவுக்கு நேராகவும் தொழுகை மண்டபம் கிப்லாவுக்கு நேராகவும் நிற்க, இடையில் முக்கோண மூலைகள் மிஞ்சும். ஹவுழ் (தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டி), படிக்கட்டு, செருப்பு வைக்கும் இடம் ஆகியவற்றை அந்த மூலைகளில் எப்படி அடக்கினார்கள் என்று பாருங்கள், அல்லது அடக்காமல் தொழுகை வரிசையையே தரையில் சரித்துக் கோடு போட்டார்களா என்று பாருங்கள். கோயிலில் கருவறையிலிருந்து வெளிவீதி வரை தரை எத்தனை இடத்தில் உயர்கிறது, ஒவ்வொரு படியையும் யார் கடக்கலாம் என்பதைக் குறியுங்கள். திருவிழா நாளில் குடிகளுக்கு (தாய்வழிக் குலங்களுக்கு) உரிய உரிமைகள் எந்த மண்டபத்தில் எந்த இடத்தில் நடக்கின்றன என்று வண்ணக்கரிடம் (கோயில் நிர்வாகியிடம்) கேட்டால், தரைப்படமே ஊரின் குடிமுறையாக விரியும்.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் உள்ள கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பியது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. நான்கு மூலையில் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. ஆளை உள்ளே விடாமலிருக்கக் கட்டிய அந்த மதிலுக்குள் பிற்காலத்தில் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வந்தது, காணி அலுவலுக்கும் ஓய்வூதியத்துக்கும் சனம் அதே வாசலால் நுழைந்தது. பொது அலுவலகம் எதைப் பார்த்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே போக முடியுமா? சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவில் இருக்க வேண்டும்: 18 அங்குலத் தரை உயரத்துக்கு 18 அடி நீளம். 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு பல இடங்களில் சாய்தளம் போட்டார்கள், ஆனால் ஆறடி நீளத்தில் போட்டால் அது 4க்கு 1. தள்ளுகிறவருக்கும் இருக்கிறவருக்கும் ஆபத்து.

அதற்கு மேல்

மூன்று வீடும் ஒரு தெருவும் முடிந்த பிறகு புத்தகத்துக்குப் போனால் அதில் உள்ளது கண்ணுக்குத் தெரியும். இலங்கைக் கட்டடக்கலைஞர் மினெற் டி சில்வா 1950களின் கடைசியில் கண்டி வட்டபுளுவவில் வீட்டுத்திட்டம் வரையுமுன், குடியேறப் போகிறவர்களிடம் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேள்விக்கொத்துக் கொடுத்து விசாரித்தார். திட்ட வீட்டின் பின்குசினியை அளந்தவருக்கு அந்தக் கேள்விக்கொத்தின் பெறுமதி உடனே விளங்கும். இன்னொரு இலங்கைக் கட்டடக்கலைஞரான ஜெஃப்ரி பாவாவின் கோட்டே நாடாளுமன்றத்தில், 1982இல் திறந்தது, கூரையையும் தாவாரத்தையும் பாருங்கள். அவருடைய கொழும்பு வீட்டில் முற்றங்களைப் பாருங்கள்.

பட்டப்படிப்புக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம். உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பாடத் தகைமை மாறுவதால் அந்தந்த ஆண்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைந்நூலைப் பாருங்கள். கையால் கீறிப் பழகியவருக்கு உளச்சார்புப் பரீட்சை பெரிய மலையல்ல. கணினியில் மட்டும் பழகியவர்கள் அங்கே தடுமாறுவார்கள்.

படங்களை முடிக்கும்போது ஒவ்வொரு தாளின் வலது கீழ்மூலையிலும் வடக்கு அம்பு, அளவுத்திட்டம், அளந்த திகதி, ஊர் நான்கையும் எழுதுங்கள். வீட்டுக்காரரின் பெயரும் இலக்கமும் வேண்டாம். 1:50 என்று எழுதியதோடு ஒரு அளவுக்கோட்டையும் கீறி விடுங்கள். நகலெடுக்கும்போது தாள் சுருங்கினால் 1:50 பொய்யாகும், கோடு தாளோடு சேர்ந்து சுருங்குவதால் சரியாகவே இருக்கும். தரைப்படத்தின் ஒரு பிரதியை வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழைய வீடுகள் பலவற்றுக்குப் பிளான் என்று ஒன்றும் கிடையாது. அறை ஒன்று சேர்க்கிற நாளில் மேசனிடம் காட்ட அதுவே உதவும்.